முதலில் தூரம், பிறகு மவுண்ட், அதன் பிறகே மில்லிமீட்டர்

(ஷா ஆலமில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மீடியம் ஃபார்மட் கேமராவுக்கு டெலி லென்ஸ் எப்படித் தேர்ந்தெடுப்பது? இதுதான் இன்றைய பொருள். கேமராக்காரர்கள் இருவர் சந்தித்தால் இந்தப் பேச்சு எங்கே தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். "எத்தனை எம்.எம். வாங்கலாம்?" என்றுதான் தொடங்கும். 150 போதுமா? 250 வேண்டுமா? 500 வந்துவிட்டதாமே? நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அந்தக் கேள்வியை மூன்றாவதாகக் கேளுங்கள். முதல் கேள்வி, நான் எடுக்கப்போவது என்னிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இரண்டாவது கேள்வி, என் கேமராவின் மவுண்ட் என்ன? இந்த இரண்டுக்கும் விடை கண்டவருக்கு மில்லிமீட்டர் தானாகவே விளங்கிவிடும். விடை காணாதவருக்கு எத்தனை மில்லிமீட்டர் வாங்கினாலும் போதாது.

ஏன் மில்லிமீட்டரை மட்டும் நம்பக் கூடாது? லென்ஸின் மேல் 250 என்று எழுதியிருக்கிறது. ஆனால் அது எந்தப் பரப்பின் மீது படம் விழச் செய்கிறது என்று எழுதியிருக்கவில்லை. 120 ரோல் ஃபிலிமில் நாம் 6×6 என்று சொல்லும் சதுரம் உண்மையில் 56 மில்லிமீட்டருக்கு 56 மில்லிமீட்டர். அதன் மீது 250 லென்ஸ் காட்டும் காட்சி, சாதாரண 35 எம்.எம். கேமராவில் ஏறத்தாழ 137 லென்ஸ் காட்டும் காட்சிதான். அதே 250ஐ 6×7 கேமராவில் மாட்டினால் 120 அளவுக்கு இறங்கிவிடும். இன்றைய ஃபியூஜி ஜி.எஃப்.எக்ஸ். கேமராவின் சென்சார் 43.8×32.9 மில்லிமீட்டர். அதில் மாட்டினால் 198 அளவுக்கு ஏறும். லென்ஸ் ஒன்று, எண் ஒன்று, காட்சி மூன்று! 35 எம்.எம். கேமராவில் 300, 400 என்று பழகிய கை மீடியம் ஃபார்மட்டுக்கு வந்ததும் ஏமாந்துபோவது இங்கேதான்.

சரி, தூரத்துக்கு வருவோம். எங்கோ போக வேண்டாம், இந்த ஊரிலேயே பார்க்கலாம். 1988இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜிஸ் பள்ளிவாசல், நாமெல்லாம் நீலப் பள்ளிவாசல் என்று அழைக்கிறோமே, அதன் நான்கு மினாராக்களும் ஒவ்வொன்றும் 142.3 மீட்டர் உயரம். 6×6 சட்டத்தில் ஒரு மினாரா அடிமுதல் நுனிவரை நிறைய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 லென்ஸோடு ஏறத்தாழ 200 மீட்டரில் நிற்க வேண்டும். 150 லென்ஸோடு 380 மீட்டர். 250 லென்ஸோடு 635 மீட்டர். மூன்று படத்திலும் மினாராவின் உயரம் ஒன்றே. அப்படியானால் படமும் ஒன்றேதானா?

இல்லை. மினாராவுக்கு நூறு மீட்டர் பின்னால் அதே உயரத்தில் ஒன்று நிற்கிறது என்று கொள்ளுங்கள். 80 லென்ஸோடு 200 மீட்டரில் நிற்கும்போது, பின்னால் இருப்பது முன்னால் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்காகச் சிறுத்துவிடும். 250 லென்ஸோடு 635 மீட்டருக்கு நகர்ந்துவிட்டால் அது ஏழில் ஆறு பங்காக எழுந்து நிற்கும். மினாராக்கள் ஒன்றுக்கொன்று தோழமையாக நிற்பதும், குவிமாடம் அவற்றுக்கு நடுவே கனத்து அமர்வதும் இந்தத் தூரம் தரும் கொடை. டெலி லென்ஸ் தூரத்தில் இருப்பதை இழுத்துக்கொண்டு வருகிறது என்கிறோம். உண்மையில் மாற்றத்தைச் செய்வது நாம் நிற்கும் இடம். அந்த இடத்தில் நின்றபடி சட்டத்தை நிரப்பித் தருவதுதான் லென்ஸின் வேலை. ஆகவே லென்ஸ் தேர்வு என்பது நிற்கும் இடத்தின் தேர்வு. கடைக்குப் போவதற்கு முன் இந்த ஊர் ஏரிக்கரையில் நடந்து பாருங்கள். எங்கே நின்றால் உங்கள் கண்ணுக்குப் படம் அமைகிறதோ அங்கே நில்லுங்கள். அங்கிருந்து தூரத்தைக் கணக்கிடுங்கள். லென்ஸின் எண் அந்தத் தரையிலிருந்தே கிடைக்கும்.

தூரத்தை வெல்ல மனிதர்கள் என்னென்ன செய்திருக்கிறார்கள்! இதே மண்ணில், கோலாலம்பூரில் 1915இல் பிறந்தவர் லோக் வான் தோ. செல்வர் லோக் இயூவின் மகன், கேத்தே திரைப்பட நிறுவனத்தை வளர்த்தவர். அவருடைய உயிர் பறவைகளிடம் இருந்தது. இந்தியாவின் பறவையியல் அறிஞர் சாலிம் அலியோடு சேர்ந்து பயணம் செய்தவர். மர உச்சிக் கூடுகளை எடுக்க, மரத்துக்குச் சமமாக உயர்ந்த சாரம் கட்டி, அதன் மேல் மறைவிடம் அமைத்துக் காத்திருந்தார். லென்ஸ் எட்டவில்லையா? மனிதன் ஏறிப் போனான். 1957இல் வெளிவந்த 'எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்' என்னும் அவருடைய நூல் அந்தப் பொறுமையின் விளைச்சல். 1964இல் தைவானில் நடந்த விமான விபத்தில் அவர் மறைந்தார்.

இன்னொருவர் நம் மொழிக்காரர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், மா. கிருஷ்ணன். 1912இல் பிறந்து 1996இல் மறைந்த இயற்கையியலாளர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டில் 1950 முதல் தம் இறுதிவரை காட்டைப் பற்றியும் வீட்டு முற்றத்துப் பறவைகளைப் பற்றியும் பத்தி எழுதியவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். யானைத் தோலின் ஒவ்வொரு சுருக்கமும் அதில் பேசும்.

அஸ்ஸாமில் வாழ்ந்த இயற்கையியலாளர் ஈ.பி. ஜீ, இவரைச் சந்தித்தபோது இவருடைய கருவியைப் பார்க்க ஆவலாக இருந்தாராம். இவ்வளவு பெரிய நிபுணரிடம் எவ்வளவு உயர்ந்த கருவி இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. பார்த்தவர் திகைத்துப்போனார். கேமராவின் உடல் ஒரு நிறுவனத்தினுடையது. டெலி லென்ஸ் இன்னொரு நிறுவனத்தினுடையது. மற்ற உறுப்புகள் வேறெங்கிருந்தோ வந்தவை. எல்லாவற்றையும் கிருஷ்ணன் தம் கையாலேயே பொருத்தி, ஒரே கனத்த கருவியாக்கி வைத்திருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டெரோசா'!

நண்பர்களே, இந்தக் கதையை வியப்புக்காக நான் சொல்லவில்லை. இந்தக் கருவி வேலை செய்தது. ஏன் வேலை செய்தது? ஒரு நிறுவனத்தின் உடலில் இன்னொரு நிறுவனத்தின் லென்ஸ் எப்படிக் கூர்மையான படத்தைத் தந்தது? அந்த இரண்டுக்கும் இடையே இருக்க வேண்டிய சரியான இடைவெளியை அவர் கண்டுபிடித்துப் பொருத்தினார். அந்த இடைவெளிதான் மவுண்டின் உயிர். இப்போது நம் இரண்டாவது கேள்விக்குள் வந்துவிட்டோம்.

மவுண்ட் என்றால் லென்ஸைத் திருகி மாட்டும் வளையம் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். வளையத்தின் அகலமும் பற்களும் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது, அந்த வளையத்தின் முகப்பிலிருந்து ஃபிலிம் வரை உள்ள ஆழம். இதை ஃபிளேஞ்ச் தூரம் என்கிறோம். பழைய ஹாசல்பிளாட் 500 வரிசையில் அது 74.9 மில்லிமீட்டர். கிழக்கு ஜெர்மனியின் பென்டகான் சிக்ஸில் 74.1. பென்டாக்ஸ் 6×7இல் ஏறத்தாழ 85. பென்டாக்ஸ் 645இல் ஏறத்தாழ 71. கண்ணாடி இல்லாத ஃபியூஜி ஜி.எஃப்.எக்ஸில் வெறும் 26.7.

74.9க்கும் 74.1க்கும் என்ன பெரிய வேறுபாடு? முக்கால் மில்லிமீட்டர் சொச்சம்தானே? அங்கேதான் ஏமாறுகிறோம். பென்டகான் சிக்ஸுக்கு 180 மி.மீ. சோனார் என்று ஒரு புகழ்பெற்ற லென்ஸ் உண்டு, அழகான முகப்படம் தருவது. அதை ஹாசல்பிளாட் 500இல் மாட்ட ஆசைப்படுகிறோம். அந்த லென்ஸிலும் 500இன் உடலிலும் ஷட்டர் இல்லை என்ற சிக்கலை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, தடிமனே இல்லாத ஓர் அடாப்டர் கிடைத்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தைவிட 0.8 மில்லிமீட்டர் முன்னே தள்ளி நிற்கும். விளைவு என்ன தெரியுமா? ஏறத்தாழ 40 மீட்டருக்கு அப்பால் இருக்கும் எதுவும் கூர்மையாக விழாது. மண்டபத்து மணமக்கள் கூர்மையாக விழுவார்கள். பத்துமலையின் எதிரே நின்று பார்த்தால் குகை வாயில் கூர்மையாக விழாது. முக்கால் மில்லிமீட்டர் ஒரு மலையையே மறைத்துவிடுகிறது!

ஆகவே விதி ஒன்றுதான். ஆழம் அதிகமுள்ள மவுண்டின் லென்ஸ், ஆழம் குறைந்த உடலில் ஏறும். மாறாக ஏறாது. ஹாசல்பிளாட் லென்ஸை ஜி.எஃப்.எக்ஸில் மாட்ட, 74.9இலிருந்து 26.7ஐக் கழித்தால் கிடைக்கும் 48.2 மில்லிமீட்டர் நீளக் குழாய் போதும். நடுவில் லென்ஸ் கண்ணாடி ஒன்றும் வேண்டாம். பென்டாக்ஸ் 6×7 லென்ஸை பென்டாக்ஸ் 645இல் மாட்டுவதற்கு அந்த நிறுவனமே அடாப்டர் விற்றது. ஒரே நிறுவனம் என்பதால் எல்லாம் எல்லாவற்றிலும் ஏறும் என்றும் நினைக்காதீர்கள். ஹாசல்பிளாட் 1948இல் அறிமுகப்படுத்திய 1600 எஃப் கேமராவின் ஷட்டர் உடலுக்குள் இருந்தது. 1957இல் வந்த 500 சி கேமராவில் ஷட்டர் லென்ஸுக்குள் போய்விட்டது. மவுண்டும் மாறியது. முன்னதன் லென்ஸ் பின்னதில் ஏறாது. 2002இல் வந்த எச் வரிசைக்கு வேறு மவுண்ட், 2016இல் வந்த எக்ஸ் வரிசைக்கு இன்னொரு மவுண்ட். பெட்டியில் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டினால் கண்ணீர்தான் மிச்சம்.

விக்டர் ஹாசல்பிளாட் என்ற அந்த ஸ்வீடன்காரரும் பறவைப் பைத்தியம்தான். 1935இலேயே வலசைப் பறவைகளைப் பற்றிப் படங்களோடு நூல் வெளியிட்டவர். லென்ஸையும் ஃபிலிம் பெட்டியையும் மாற்றி மாட்டும் கேமராவை அவர் உருவாக்கியதில், தூரத்துப் பறவைக்காக ஏங்கிய அந்த மனத்துக்கும் பங்குண்டு என்றே நான் நம்புகிறேன்.

லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. எந்த வேகத்திலும், 500இல் ஒரு பங்கு நொடியிலும், ஃப்ளாஷ் ஒத்துப்போகும். நம் நாட்டு நண்பகல் வெயிலில் மணப்பெண்ணை வெளியில் நிறுத்தி, முகத்து நிழலை ஃப்ளாஷால் நிரப்ப இதைவிட நல்ல துணை இல்லை. ஜி.எஃப்.எக்ஸ். உடலின் ஷட்டரில் 125இல் ஒரு பங்கு வரைதான் ஃப்ளாஷ் ஒத்துப்போகும். பழைய ஹாசல்பிளாட் லென்ஸை அதில் வெறும் குழாய் வைத்து மாட்டினால் லென்ஸின் ஷட்டர் சும்மா திறந்து கிடக்கும், வேலை செய்யாது. வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதிர்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1969இல் வந்த பென்டாக்ஸ் 6×7, தோற்றத்தில் சாதாரண கேமராவைப் பெரிதாக்கி வைத்தது போலவே இருக்கும். அதற்குள் இருக்கும் கண்ணாடியும் துணி ஷட்டரும் பெரியவை. அவை அடிக்கும் அடி கேமராவையே உலுக்கும். 80, 100 லென்ஸில் அது தெரியாது. 300 லென்ஸில் 30இல் ஒரு பங்கு நொடியில் அடித்துப் பாருங்கள், மினாராவின் விளிம்பு இரட்டையாகும். அந்த நிறுவனமும் இதை உணர்ந்து 1976இல் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதியோடு அடுத்த மாதிரியைக் கொண்டுவந்தது. அந்தக் கேமராவில் இன்னொரு நல்ல சிந்தனையும் உண்டு. மவுண்ட் இரண்டு அடுக்காக இருக்கும். சாதாரண லென்ஸ்கள் உள் வளையத்தில் மாட்டும். கனத்த நீண்ட டெலி லென்ஸ்கள் வெளி வளையத்தில் மாட்டும். மவுண்ட் என்பது பொருத்துவதற்கு மட்டும் அல்ல, சுமப்பதற்கும்தான் என்பதை அந்த வடிவமைப்பாளர்கள் அறிந்திருந்தார்கள். நீங்கள் அடாப்டர் போட்டு நீண்ட லென்ஸ் மாட்டும்போது ட்ரைபாடைக் கேமராவின் அடியில் மாட்டாதீர்கள். லென்ஸின் கழுத்துப் பட்டையில் மாட்டுங்கள். கேமரா லென்ஸில் தொங்கட்டும்.

அப்படியானால் புதிய லென்ஸா, பழைய லென்ஸா?

ஃபியூஜியின் புதிய 250 லென்ஸ் 2018இல் வந்தது. எஃப் 4, எடை 1,425 கிராம். 2024இல் 500 லென்ஸ் வந்தது. எஃப் 5.6, எடை 1,375 கிராம். இரட்டிப்பு நீளம், எடையோ ஐம்பது கிராம் குறைவு! தானே குவியம் பார்க்கும், கை நடுக்கத்தைத் தாங்கும், தூறலைத் தாங்கும். வசதி உள்ளவர் வாங்கலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனாலும் எதற்கு வாங்குகிறோம்? கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் வெண்மார்பு மீன்கொத்தியை எடுக்க என்றால் நன்றாக யோசியுங்கள். அந்தப் பறவை 28 சென்டிமீட்டர். 20 மீட்டரில் அது உட்கார்ந்திருந்தால் 250 லென்ஸ் அதை சென்சாரில் மூன்றரை மில்லிமீட்டராக விழச் செய்யும். சட்டத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. 500 போட்டாலும் ஐந்தில் ஒரு பங்குதான். சிறு பறவைக்கு மீடியம் ஃபார்மட் ஏற்றதல்ல. அதற்கு 35 எம்.எம். கேமராவும் அதன் நீண்ட லென்ஸ்களுமே சரி. இது என் உறுதியான கருத்து. அலையாத்திக் காடும் சேறும் வானமும் நிறைந்த பெரிய காட்சியில் ஒரு நாரை நிற்க வேண்டும், அதன் ஒவ்வோர் இறகும் பெரிய அச்சில் தெரிய வேண்டும் என்றால், அப்போது மீடியம் ஃபார்மட்டுக்கு வாருங்கள்.

தைப்பூசத்துக்கு என்ன லென்ஸ்? இதை ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் கேட்கிறார்கள். பத்துமலையில் 42.7 மீட்டர் முருகன் சிலையும் 272 படிகளும் பின்னால் சுண்ணாம்புப் பாறையும் ஒரே சட்டத்தில் நெருங்கி நிற்க வேண்டும் என்றால் 250ஐ எடுத்துக்கொண்டு விலகிப் போங்கள். 6×6இல் சிலை மட்டும் சட்டத்தை நிறைக்கவே 190 மீட்டர் விலக வேண்டும். காவடியை எடுக்க வேண்டும் என்றால் 250 வேண்டாம். உங்களுக்கும் காவடிக்கும் நடுவே நூறு தலைகள் வந்து நிற்கும். 150 போதும், கூட்டத்தின் ஓரத்தில் ஒரு மேட்டில் நின்றுகொள்ளுங்கள். ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுவது இரவில். அங்கே மில்லிமீட்டரைவிட எஃப் எண்ணே முக்கியம். எஃப் 5.6 லென்ஸில் 400 ஃபிலிம் போட்டுக்கொண்டு போனவர்கள் இருட்டைத்தான் கழுவி எடுத்தார்கள். டிஜிட்டல் உடலில் ஓசையில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை நம்பிச் சுழன்றாடும் காவடியை எடுக்காதீர்கள். வரிவரியாகப் படிக்கும் சென்சாரில் மயிற்பீலி வளைந்துபோகும். இன்னொன்றையும் பெரியவர்கள் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன். அலகு குத்திக்கொண்டு வரும் பக்தரின் முகத்துக்கு அருகில் போய் லென்ஸை நீட்டாதீர்கள். விலகி நின்று எடுக்கத்தான் டெலி லென்ஸ் இருக்கிறது.

இங்கே ஈரப்பதம் எண்பது விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். மூடிய அலமாரியில், தோல் பைக்குள் வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் வியப்பு. பழைய லென்ஸ் வாங்கப் போகும்போது ஒரு கைவிளக்கை எடுத்துப் போங்கள். பின்புறத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சி, முன்புறத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல் ஓடினால் பூஞ்சை. விளிம்பில் வானவில் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன. முன் கண்ணாடியில் இருக்கும் பூஞ்சையைத் துடைத்தெடுக்கலாம். பூச்சையே அரித்துவிட்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஷட்டர் உள்ள லென்ஸ் என்றால் ஒரு நொடி, அரை நொடி வேகங்களை அடித்துக் காதால் கேளுங்கள். இழுத்துக்கொண்டு போனால் உள்ளே எண்ணெய் கட்டியிருக்கிறது. வாங்கிய பிறகு மின்சார உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருங்கள்.

காற்றும் உங்கள் லென்ஸின் ஓர் உறுப்புதான். புகைமூட்டம் உள்ள நாளில் 635 மீட்டர் தூரக் காற்று முழுவதும் உங்கள் படத்தில் விழும். காலை பத்து மணிக்கு மேல் தார்ச்சாலையில் எழும் கானல், எவ்வளவு விலை கொடுத்த லென்ஸையும் மழுங்கடித்துவிடும். முந்தின மாலை நல்ல மழை பெய்து கழுவிவிட்ட விடியலில், பழைய 250 லென்ஸ் தரும் கூர்மையைப் பாருங்கள். கண்ணை நம்ப மாட்டீர்கள்.

நிறைவாக, இங்கே வந்திருக்கும் ஸ்டூடியோக் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவும் தாத்தாவும் நூற்றுக்கணக்கான திருமணங்களை எடுத்த ஹாசல்பிளாட், மாமியா, பென்டாக்ஸ் லென்ஸ்கள் உங்கள் வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. ஃபிலிம் போனதும் அவற்றின் காலமும் போயிற்று என்று மூடி வைத்துவிட்டீர்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆழம் அதிகமுள்ள மவுண்டின் லென்ஸ்கள். இன்றைய ஆழம் குறைந்த உடல்களில் அடாப்டரோடு ஏறக்கூடியவை. பெரிய ஃபிலிம் சட்டம் முழுவதையும் நிறைக்கச் செய்த லென்ஸ்கள் ஆதலால், சிறிய சென்சாரில் அவற்றின் மிகச் சிறந்த நடுப்பகுதி மட்டுமே பயன்படும். குவியத்தைக் கையால் திருக வேண்டும், அவ்வளவுதான். உடலுக்குள்ளேயே நடுக்கம் தாங்கும் கேமராவில் மாட்டினால் நம் தாத்தாக்களுக்குக் கிடைக்காத வசதியும் சேர்ந்து கிடைக்கும். பழைய சாமான் வாங்குபவரிடம் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மவுண்டின் பெயரை ஒரு தாளில் எழுதி அதனதன் பெட்டியில் ஒட்டுங்கள். தெரியவில்லை என்றால் எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். நல்லதாக இருப்பதை, தோளில் கேமராப் பையோடு பின்வரிசையில் இருக்கிறார்களே இந்தத் தம்பி தங்கைகள், இவர்களுக்கு ஒரு வார இறுதிக்காவது இரவல் கொடுங்கள்.